தலையில் மஞ்சள் பொருக்கு: எண்ணெய் தேய்க்கலாம், அப்படியே விடக்கூடாது

கேள்வி: என் மகளுக்கு இரண்டு மாதம் ஆகிறது. உச்சந்தலையில் மஞ்சளாகப் பொருக்கு கட்டிப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. புருவத்திலும் கொஞ்சம் உண்டு. மாமி தினமும் உருக்கெண்ணெய் (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெய்) தேய்த்து அப்படியே விடுகிறார்கள். மொட்டை போட்டால் போய்விடும் என்கிறார்கள். போடலாமா டாக்டர்?
- வாசகி, தக்கலை

பதில்: மொட்டை வேண்டாம். பொருக்கின் மேல் சவரக்கத்தி போனால் தோல் கீறும், கீறிய இடம் பழுக்கும். நேர்ச்சை ஏதும் இருந்தால் தலை சுத்தமான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இது அழுக்கு அல்ல. உங்கள் கவனக்குறைவும் அல்ல. தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்த ஹார்மோன்களால் தலையின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாக வேலை செய்வதால் வருவது என்று கருதுகிறோம். எல்லோர் தோலிலும் இருக்கிற மலசீசியா என்ற பூஞ்சைக்கும் இதில் பங்கு உண்டு. பிறருக்குத் தொற்றாது, பெரும்பாலும் அரிக்காது, ஒரு வயதுக்குள் தானாகவே அடங்கிவிடும்.

மாமியின் உருக்கெண்ணெயை நான் குறை சொல்ல மாட்டேன். பொருக்கு இளக எண்ணெய் வேண்டும். ஆனால் தேய்த்ததைக் கழுவாமல் விட்டால், செதிலும் எண்ணெயும் சேர்ந்து இறுகிவிடும். அந்தப் பூஞ்சைக்கும் அதுவே தீனி. குளிப்பாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு கொஞ்சமாகத் தடவுங்கள். குழந்தைகளுக்கான ஷாம்புவால் கழுவி, ஈரம் இருக்கும்போதே மெல்லிய பிரஷால் நீவிவிடுங்கள். வருகிற செதில் வரட்டும். நகத்தால் பிய்க்க வேண்டாம்.

உச்சிக்குழியைத் தொடவே பலருக்குப் பயம். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் தேய்ப்பார்கள். அப்புறம் பொருக்கு அங்கேதான் தடிப்பாக ஏறும். மண்டை எலும்பு இன்னும் கூடாத இடம்தான், ஆனால் அதன் மேல் உறுதியான சவ்வு உண்டு. விரல் நுனியால் இதமாகத் தேய்த்தால் ஒன்றும் ஆகாது. புருவத்தில் இருப்பதை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

நெற்றியிலும் கழுத்திலும் பொடிப்பொடியாகச் சிவந்தால் அது பெரும்பாலும் வேர்க்குரு. நம் ஊர்ப் புழுக்கத்தில் வீட்டுக்குள் தொப்பி எதற்கு? கழற்றிவிடுங்கள். குளித்த பின் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

பொடுகு ஷாம்புவோ, மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீமோ நீங்களாகப் போடாதீர்கள். தலை சிவந்து நீர் வடிந்தால், நாற்றம் வந்தால், முடி வட்டமாக உதிர்ந்தால், கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளில் பரவினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றே கொண்டுபோக வேண்டும்.