நம்பரை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்

கேள்வி: கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, வகுப்பில் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கல்லூரி கவுன்சிலரிடம் போகச் சொன்னால், "வேணாம் மேடம், எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்கிறார். வெளியில் இரண்டு மனநல மருத்துவர்களின் நம்பரை வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரமாகியும் அவர் அழைக்கவில்லை. எங்கே, எப்படி அனுப்புவது? வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்: அவர் அழைக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். தூக்கமும் தெம்பும் போய்க் கிடக்கும் நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவருக்கு போன் போட்டு "எனக்கு மனசு சரியில்லை" என்று ஆரம்பிப்பது மலையைப் புரட்டுகிற வேலை. அதுவும் மறுமுனையில் எடுப்பவர் பெரும்பாலும் டாக்டராக இருக்க மாட்டார். ரிசப்ஷனில் இருப்பவர் "யாருக்கு, என்ன பிரச்சனை?" என்று கேட்டதுமே பலர் வைத்துவிடுவார்கள். முதல் அழைப்பை அவர் செய்து முடிக்கும்வரை நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். வகுப்பு முடிந்து டிபார்ட்மென்ட் காலியான பிறகு அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். "இப்பவே சேர்ந்து போன் பண்ணிடலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால், அவர் போனிலேயே ஸ்பீக்கரைப் போட்டு முதல் வரியை நீங்கள் பேசுங்கள்: "என் மாணவி ஒருவருக்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டும், பக்கத்தில்தான் இருக்கிறார்." அப்புறம் அவரிடம் கொடுத்துவிடுங்கள். எந்த நாள், எவ்வளவு ஃபீஸ், தனியாக வரலாமா என்பதை அங்கேயே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். அதே தாளில் தூக்கம், சாப்பாடு, அழுகை, எப்போதிலிருந்து என்று நாலு வரியும் எழுதட்டும். டாக்டர் முன்னால் வாய் வராமல் போனால் தாளை நீட்டலாம்.

மருத்துவமனை வேண்டாம் என்றால் 14416-லிருந்து தொடங்கலாம். இது டெலி மானஸ் என்ற அரசுச் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். விடுதியில் இருப்பவருக்கு மிகவும் கைகொடுக்கும்.

நேரில் போக, கடலூரிலேயே மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் செலவு இல்லை. ஆனால் வரிசையில் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம் இருக்கும். அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். அப்படிப்பட்டவருக்குப் புதுச்சேரியில் கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர் நல்லது. கடலூரிலிருந்து பஸ் ஏறி, புதுச்சேரியில் இறங்கி, கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ஓ.பி. சீட்டு போட காலையிலேயே போய்விட வேண்டும், முதல் தடவை அரை நாளுக்கு மேல் ஆகும். பயிற்சி மருத்துவர் ஒருவர் முழு விவரத்தையும் கேட்டு எழுதுவார், பிறகு மூத்த மருத்துவர் பார்ப்பார். "ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும், அது வழக்கம்தான்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சிதம்பரம் பக்கத்து மாணவர்களுக்கு அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்.

அன்றைய வருகைப் பதிவுக்கு நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அட்டெண்டன்ஸ் போய்விடும் என்று பயந்து தள்ளிப்போடும் பிள்ளைகள் நிறைய. விடுப்புக் கடிதத்தில் "மருத்துவக் காரணம்" என்று இருந்தால் போதும், எந்தப் பிரிவு என்று கேட்க யாருக்கும் அவசியமில்லை.

தனியாரிடம் போவதென்றால் யார் என்ன என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். மாத்திரை எழுதக்கூடியவர் மனநல மருத்துவர். பேச்சு வழிச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. சில வாரச் சான்றிதழ் படிப்பை முடித்துவிட்டு "கவுன்சிலர்" என்று போர்டு மாட்டியவர்களும் உண்டு. இரண்டு மாதத் தூக்கமின்மையை அவர்களிடம் ஒப்படைக்காதீர்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 18 வயது முடிந்தவர் தானாகவே சிகிச்சை பெறலாம், பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோயாளியின் விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. 18 முடியாதவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ வேண்டும். ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒட்டுமொத்தமாக வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சொல்வேன், அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான்" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அதை நேராகவும் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்தான் அதிகம். ஆமாம் என்றால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். தனியே விடாதீர்கள். அன்றே பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள்.

முதல் தடவை போய்வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யச் சாதாரணமாக 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் வாய் உலர்வது, குமட்டல், அசதி என்று சில தொந்தரவுகள் வரலாம். "மாத்திரை ஒண்ணும் கேட்கல" என்று பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். "அடுத்து எப்ப வரச் சொன்னாங்க?" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள், போதும். டாக்டர் என்ன சொன்னார், என்ன நோய் என்று துருவ வேண்டாம். அந்த டாக்டர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைப் பார்க்கலாம் என்றும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, இது உங்கள் முதல்வரிடம் பேச வேண்டியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல்கள் தந்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும், வெளி மருத்துவமனைகளுக்கு உடனே அனுப்ப எழுத்து வடிவில் நடைமுறை வேண்டும், டெலி மானஸ் போன்ற உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் ஒட்ட வேண்டும் என்பவை அதில் உண்டு. உங்கள் கல்லூரியில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், எந்த மருத்துவமனை, இரவில் விடுதியிலிருந்து யார் கூட்டிப் போவது, வண்டிக்கு யார் பணம் தருவது என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் வையுங்கள்.