கேம்பர் (தங்கிப் பயணிக்கும் வண்டி) கூரையில் ஏசி பொருத்துதல்: கேள்வி பதில்

கேள்வி: ஏசியைக் கூரையில் இறக்குவதற்கு முன் காஸ்கெட்டின் இருபுறமும் சிலிகான் தடவினால் கூடுதல் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை, தடவ வேண்டாம். அடித்தட்டுக்கும் கூரைக்கும் இடையிலுள்ள நுரைக் காஸ்கெட் அழுந்தி நிற்பதால்தான் தண்ணீரைத் தடுக்கிறது. தட்டையான, சுத்தமான, உலர்ந்த பரப்பு கிடைத்தால் அதற்கு வேறெந்தத் துணையும் தேவையில்லை. சிலிகான் தடவிவிட்டால், பிற்காலத்தில் ஏசியைக் கழற்றும்போது காஸ்கெட் பிய்ந்து வருவதோடு, மிஞ்சிய சிலிகான் படலத்தின் மேல் வேறெந்த சீலன்ட்டும் (கசிவடைக்கும் பூச்சு) சரியாக ஒட்டாது. அடித்தட்டின் வெளி விளிம்பைச் சுற்றிப் பூசுவது இன்னும் மோசம். குளிர்ச்சுருளில் ஊறும் நீர் அடித்தட்டிலுள்ள துளைகள் வழியே கூரைக்கு இறங்கித்தான் வெளியேறுகிறது. அந்த வழியை அடைத்துவிட்டால் நீர் அடித்தட்டின் கீழ் தேங்கி, எப்போதும் காஸ்கெட்டை நனைத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஏசியைக் கூரையோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகளையும் எவ்வளவு முறுக்க வேண்டும்?

பதில்: பல கையேடுகள் 40 முதல் 50 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4.5 முதல் 5.5 நியூட்டன் மீட்டர் என்கின்றன. உங்கள் ஏசியின் கையேடு வேறு அளவைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் கண்ணால் பார்த்தும் அறியலாம்: ஓர் அங்குலத் தடிமனுள்ள காஸ்கெட் சுற்றிலும் ஒரே சீராக அரை அங்குலத்துக்கு அழுந்தினால் போதும். ஒரு போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் நுரை மீள்தன்மையை இழப்பதுடன் அடித்தட்டும் வளையும். கசிவு கண்டவுடன் பலர் முதலில் செய்வது இந்தத் தவறைத்தான். சில பயணங்களுக்குப் பிறகு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் இறுக்கத்தைச் சரிபார்த்தால் போதும்.

கேள்வி: மழையில் சொட்டுவதில்லை, ஏசி ஓடும்போது மட்டும் உட்கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. காஸ்கெட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் விவரிப்பே காஸ்கெட்டைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. இது மழைநீரன்று, ஏசியின் குளிர்ச்சுருளில் ஊறும் நீர். வண்டி சாய்வாக நின்றால் நீர் வடிகால் துளைகளை எட்டாமல் நடுத் திறப்பின் பக்கம் வழியக்கூடும். துளைகளில் தூசியும் சருகும் அடைத்திருந்தாலும் அதே விளைவுதான். வடிகட்டி அழுக்கேறிக் காற்றோட்டம் குறைந்தால் சுருளில் பனிக்கட்டி படியும். அது உருகும்போது ஒரே நேரத்தில் நிறைய நீர் இறங்கும். மின் இணைப்பைத் துண்டித்து, மேல்மூடியைக் கழற்றி, சுருளின் அடியிலுள்ள தட்டில் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். அது கூரைக்குப் போகாமல் உள்ளே சொட்டினால் வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள். கூரைக்கே போனால், குளிர்காற்றுப் பெட்டியின் இடுக்குகளைக் கவனியுங்கள்; ஈரக்காற்று அங்கே குளிர்ந்த உலோகத்தைத் தொட்டு வியர்த்துச் சொட்டலாம்.

கேள்வி: ஏசியைச் சுற்றிக் கூரை பள்ளமாகி, மழைக்குப் பின் நீர் தேங்கி நிற்கிறது. தடிமனான காஸ்கெட் போட்டால் தீருமா?

பதில்: சிறிது காலம் தீர்ந்ததுபோல் தோன்றும். 35 முதல் 50 கிலோ வரை எடையுள்ள ஏசி, ஓடும் வண்டியில் ஓயாமல் குலுங்குகிறது. அந்தச் சுமையைக் கூரையின் மேல்தகடு அல்ல, திறப்பின் நான்கு பக்கங்களிலும் மேல்கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே அமைந்த மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோதான் தாங்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டால் போல்ட்டை முறுக்க முறுக்க இரு கூரைகளும் நெருங்கிப் பள்ளம் ஆழமாகும். ஏசியை இறக்கி, மரம் மக்கியிருந்தால் அகற்றி, சட்டம் அமைத்துவிட்டுப் புதிய காஸ்கெட்டுடன் பொருத்துங்கள். இறக்கும்போது நேராகத் திறப்பின் மேல் வையுங்கள். கூரையில் இழுத்து நகர்த்தினால் காஸ்கெட் கிழியும்.

கேள்வி: என்னுடையது வேனிலிருந்து மாற்றிய கேம்பர். தகரக் கூரையில் மேடும் பள்ளமுமாக வரிகள் உள்ளன.

பதில்: அந்த வரிகளின் மேல் காஸ்கெட் ஒருபோதும் முழுமையாக அமராது. கூரையின் வடிவத்துக்குப் பொருந்தும் இணைப்புச் சட்டத்தைப் பாலியூரிதேன் பசையால் ஒட்டி, அதன் தட்டையான மேற்பரப்பில் ஏசியை வையுங்கள். பசை பூச வேண்டிய இடம் இதுதான். வெட்டிய தகர விளிம்புக்குத் துருத்தடுப்பு பிரைமர் அடிப்பதும், சிதறிய இரும்புத் துகள்களை அன்றே துடைத்தெடுப்பதும் கட்டாயம். விட்டுவைத்தால் அவை துருப்பிடித்துப் பெயின்ட்டையும் கெடுக்கும்.

கேள்வி: பழைய காற்றுப்போக்கியின் 14 அங்குலத் திறப்பையே பயன்படுத்தலாமா?

பதில்: சட்டம் உறுதியாக இருந்தால் தாராளமாக. பழைய சீலன்ட்டைச் சுரண்டியெடுத்து, திருகுத் துளைகளை மேடில்லாமல் அடையுங்கள். ரப்பர் கூரையானால் பெட்ரோலியக் கரைப்பான்களைத் தொடாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். காற்றுப்போக்கிக்கு வந்த 12 வோல்ட் கம்பி வழக்கமான கூரை ஏசிக்கு உதவாது. அதற்குத் தனி பிரேக்கருடன் தனி மின்தடம் வேண்டும்.

கேள்வி: கசிவு இல்லை, ஆனால் குளிர்ச்சியும் போதவில்லை. ஏசி சிறிது நேரத்திலேயே நின்றுவிடுகிறது.

பதில்: உட்பெட்டியில் குளிர்காற்று வரும் பகுதியையும் அறைக்காற்று திரும்பும் பகுதியையும் பிரிக்கும் தடுப்பைப் பாருங்கள். அதில் இடைவெளி இருந்தால் குளிர்காற்று அறைக்கு வராமல் நேரே திரும்பிப் போய், அறை குளிர்ந்துவிட்டதாகத் தெர்மோஸ்டாட்டை (வெப்பநிலையைப் பார்த்து ஏசியை நிறுத்தும் கருவி) ஏமாற்றும். அலுமினிய ஒட்டுநாடாவால் அந்த இடைவெளியை முழுவதும் அடையுங்கள்.