58-ஆ, 62-ஆ: செலவழிக்காத வெள்ளி ரூபாய்க்கு ஏன் இரண்டு தரம்?

கேள்வி: என் பாட்டனார் டிரங்குப் பெட்டியில் துணியில் முடிந்து வைத்திருந்த 1918ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை ஊட்டியில் ஒருவர் 58 என்றார், கோயம்புத்தூரில் இன்னொருவர் 62 என்றார். ஒருநாளும் செலவழிக்காத காசுக்குத் தேய்மானம் எப்படி வரும்? யாரை நம்புவது? – கோத்தகிரி வாசகி ஒருவர்.

பதில்: இருவருமே பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம். காசின் நிலையைத் தரம் பிரிக்க 70 வரை போகும் இந்த எண் வரிசை, வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய செம்பு சென்ட்டுகளுக்காக 1949இல் வகுத்தது. பிற்பாடு உலகத்துக் காசுகள் எல்லாவற்றின் தலையிலும் அதைக் கட்டிவிட்டார்கள். அதில் 60-உம் அதற்கு மேலும் என்றால் தேய்மானமே இல்லை. 58 என்றால் மேடான இடங்களில் மட்டும் மிக லேசான உரசல். ஆகவே உங்கள் காசைப் பற்றிய வழக்கு 58-க்கும் 62-க்கும் இடையிலுள்ள நான்கு எண் வித்தியாசத்தைப் பற்றியதே அல்ல. உரசல் உண்டா இல்லையா என்பது ஒன்றுதான்.

பாட்டனார் அதைச் செலவழிக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் தரம் பார்ப்பவர் காசின் வரலாற்றைப் பார்ப்பதில்லை, அதன் மேற்பரப்பைத்தான் பார்க்கிறார். துணி முடிச்சுக்குள் பத்துக் காசுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு அறுபது எழுபது ஆண்டுகள் கிடந்தாலும், பெட்டியை இழுக்கும்போதெல்லாம் அசைந்தாலும், மேடான இடம் தேயத்தான் செய்யும்.

நீங்களே பார்க்கலாம். கோத்தகிரியில் மேகம் மூடிய பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்க்காதீர்கள்; அந்தப் பரவிய வெளிச்சத்தில் எந்தக் காசும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும். இருட்டறையில் ஒற்றைக் குண்டு பல்புக்குக் கீழே, காசை விளிம்பில் மட்டும் பிடித்து, மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். சேகரிப்பாளர்கள் லஸ்டர் என்று சொல்லும் அச்சுப் பொலிவு, வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிப்பட்டையாகச் சுழலும். அந்தப் பட்டை மன்னரின் கன்னமேடு, புருவம், மீசை ஆகியவற்றின் மேல் தடைபடாமல் ஏறி இறங்கினால் 60 அல்லது அதற்கு மேல். கன்னத்தில் எள்ளளவு இடம் மட்டும் ஒளியை வாங்காமல் மங்கி நின்றால் 58.

இங்கே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவமுள்ளவர்களும் இதில்தான் இடறுகிறார்கள். 1918, போர்க்காலத் தேவைக்காக ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட ஆண்டு. அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு வெள்ளி அனுப்பிய காலம். அச்சு முழு விசையோடு விழாத காசில், அச்சின் ஆழமான பள்ளத்துக்குள் உலோகம் ஏறாமல் நின்றுவிடும். அந்த இடம் காசில் மேடான இடம் என்பதால், பிறக்கும்போதே தேய்ந்தது போலத் தட்டையாக இருக்கும். ஆனால் தட்டையான அந்த இடத்திலும் பொலிவு இருக்கும், நிறமும் சுற்றுப்பரப்பை ஒத்திருக்கும். தட்டையாக இருந்து பொலிவும் உண்டென்றால் அது குறை அச்சு. தட்டையாக இருந்து மங்கலும் சேர்ந்திருந்தால் அது தேய்மானம். ஊட்டிக்காரர் தட்டையைப் பார்த்து 58 என்றும், கோயம்புத்தூர்க்காரர் பொலிவைப் பார்த்து 62 என்றும் சொல்லியிருக்கக்கூடும்.

இந்த எல்லைக்கோடு கல்லில் செதுக்கியதும் அல்ல. என்னுடைய 1944ஆம் ஆண்டு அரை ரூபாய் ஒன்று, தரச்சான்று தரும் ஒரு நிறுவனத்திலிருந்து 58 என்று வந்தது. அவர்கள் காசை அடைத்துத் தந்த பிளாஸ்டிக் பெட்டியை உடைத்து அதே காசை அதே இடத்துக்கு மறுபடி அனுப்பினேன், 61 என்று வந்தது. இரண்டு முறையும் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். நல்ல 58, சிராய்ப்பு நிறைந்த 60-ஐவிடக் கண்ணுக்கு அழகாக இருக்கும் என்பது இத்தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எண் வரிசைக்கு மட்டும் அது தெரியாது.

எனக்கு உண்மையான கவலை வேறு. "கொஞ்சம் சுத்தம் செய்தால் 58, 62 ஆகிவிடும்" என்று யாராவது காசை வாங்கிப் போக வந்தால் கொடுக்காதீர்கள். விபூதி, புளி, பல்பொடி, வெள்ளி துலக்கும் கரைசல் எதுவானாலும் பொலிவு போய்விடும். பிறகு சான்றில் எண்ணே இருக்காது, "சுத்தம் செய்யப்பட்டது" என்ற சொல்தான் இருக்கும். "அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கும் தரகரை அதைவிட முன்னதாக வாசலோடு அனுப்புங்கள். நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் ரூபாய்க்கு அந்த நூறாண்டு எப்போதோ கடந்துவிட்டது. உள்ளூரில் எவரோ அச்சிட்ட சீட்டோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவதும் சான்று ஆகாது.

1918 அரிய ஆண்டு அல்ல. 62 என்றவரிடம், "அந்தத் தரத்துக்குரிய விலைக்கு நீங்களே இன்று வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள், தரம் அங்கேயே இறங்கி வரும். விற்கும் எண்ணம் இல்லையென்றால், துணி முடிச்சிலிருந்து எடுத்து, பி.வி.சி. பிளாஸ்டிக் கலவாத, மைலார் என்ற ஒளிபுகும் மெல்லிய தாள் உறையில் தனியாக வையுங்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் கிடக்கட்டும்.