துருவைத் தேய்க்கும் முன் தொப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: ஹட்டனில் ஒரு பழைய இரும்புக் கடையில் கறுப்பு இரும்புத் தொப்பி ஒன்று வாங்கினேன். முன்னால் வெள்ளையில் ‘டபிள்யூ’ எழுத்து. ஆங்காங்கே துரு. இது அசலா? தேய்த்துப் புது பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் தேடுவதே அந்தப் பழைய பெயின்டைத்தான். போனால் திரும்ப வராது.

‘டபிள்யூ’ என்றால் வார்டன், அதாவது குண்டுவீச்சின்போது மக்களைப் பாதுகாக்க உதவியவர். இரண்டாம் உலகப் போரில் விமானத் தாக்குதல் தற்காப்புச் சேவையினர் அணிந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகமே பேராதனைக்கு வந்துவிட்டது. ஆகவே மலையகத்தில் இப்படியொன்று அகப்படுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், பின்னால் எழுதிச் சேர்ப்பது மிகச் சுலபம். பூதக்கண்ணாடியில் கீறல்களைப் பாருங்கள். கறுப்பில் ஓடும் பழைய கீறல் வெள்ளை எழுத்தையும் வெட்டிக்கொண்டு போக வேண்டும். எழுத்துக்கு அடியில் புகுந்து மறைந்தால், அது பிற்காலத்தில் எழுதியது.

அடுத்தது காந்தம். பிரிட்டிஷ் இராணுவத் தொப்பிகள் மாங்கனீசு உருக்கால் ஆனவை. காந்தம் அவற்றில் ஒட்டுவதேயில்லை என்று சொல்லலாம். தரம் குறைந்த சாதாரண உருக்கில் செய்தவற்றை விளிம்பில் சிறு துளைகள் போட்டு, போர்முனைக்கு அனுப்பாமல் வார்டன் போன்ற சிவில் தற்காப்புச் சேவைகளுக்குக் கொடுத்தார்கள். எனவே வார்டன் தொப்பியில் காந்தம் ஒட்டினால் போலி என்று தூக்கிப் போட வேண்டாம். விளிம்புத் துளை இருக்கிறதா, விளிம்பின் உட்புறம் தயாரிப்பாளரின் எழுத்துகளும் ஆண்டும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே தலையைத் தாங்கும் பட்டையிலும் அளவும் ஆண்டும் அச்சிட்டிருக்கலாம். உச்சியிலுள்ள ஸ்குரூவைக் கழற்ற முயல வேண்டாம், துருப்பிடித்தது முறிந்துவிடும். சில பழைய உட்பட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதனால் சுரண்டவும் வேண்டாம், தலையில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். சாண்ட் பேப்பரும் கூடாது. அக்காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், தூசி நெஞ்சுக்குள் போகும்.

மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் வெளிப்புறத் தூசியைத் தட்டி, நிறமில்லா மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். நமக்கு உண்மையான எதிரி ஈரம்தான். மழைக்காலத்தில் வியர்க்கும் சுவரில் மாட்டாமலும் பொலித்தீன் பையில் கட்டாமலும், மூடியுள்ள தகரப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள்.

கடைக்காரரிடம் ஒரு தடவை போய், அது எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். சொல்வதை ஒரு கடதாசியில் எழுதித் தொப்பியோடு வையுங்கள்.