அந்தக் குதிரை யாருடையது?

அன்புள்ள சார்,

போன மாதம் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்டதைப் பார்த்துத்தான் வில்லி நெல்சனின் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ ஆல்பத்தைக் கேட்டேன். அமெரிக்க கன்ட்ரி இசை, அதாவது அங்கத்திய நாட்டுப்புறப் பாணி, எனக்குப் புதிது. மூன்று நாள் வேறெதுவும் கேட்கவில்லை.

நானும் பாட்டு எழுதி மெட்டுப் போடுகிறவன். இரண்டு வருடச் சேமிப்பில் வீட்டில் ஓர் அறையையே ஸ்டூடியோ ஆக்கியிருக்கிறேன். நாற்பது டிராக், அதாவது நாற்பது தனித்தனிப் பதிவுகளை அடுக்கிப் போட்டும் என் பாட்டுகளில் உயிர் இல்லை. அவர் கித்தார், பியானோ, ஹார்மோனிகா என்று சில வாத்தியங்களை வைத்துக்கொண்டு முடித்துவிட்டார். அவர்கள் என்ன மைக் பயன்படுத்தினார்கள்? எல்லாவற்றையும் விற்றுவிட்டு நான் செல்போனிலேயே பதிவு செய்தால் அந்த எளிமை வருமா? இன்று கேட்கிறவர்களுக்கு அது பிடிக்குமா? என்னுடைய மூன்று பாட்டுகளை இணைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

எதையும் விற்காதீர்கள். பாதி விலை கூடக் கிடைக்காது, வீட்டில் திட்டு வேறு விழும். இன்று கேட்கிறவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பதற்கு நான் ஆளில்லை.

எளிமை என்று நீங்கள் சொல்வதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஆல்பம் 1975 ஜனவரியில், டாலஸை ஒட்டிய கார்லண்டில், ஆட்டம் சவுண்ட் என்கிற ஸ்டூடியோவில் சில நாட்களில் பதிவானது. செலவு சில ஆயிரம் டாலர்தான். இதைப் படித்துவிட்டு எல்லாரும் ‘பார்த்தாயா, எவ்வளவு சிக்கனம்’ என்கிறார்கள். வாசித்தவர்கள் யார்? வருடக்கணக்காக அவரோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர்கள். பியானோவில் இருந்தது அவருடைய அக்கா பாபி. டெக்சாஸில் ஆபட் என்கிற சின்ன ஊரில், தாத்தா பாட்டி வீட்டில், பிள்ளைப் பருவத்திலிருந்தே தம்பியோடு சேர்ந்து வாசித்தவர். தம்பி தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தியே பாடுவார், எங்கே பிந்துவார் என்று அக்காவுக்குத் தெரியும். அந்த ஒத்திகைக்குக் கணக்குப் போட்டால் ஆயிரத்தில் அடங்காது. நீங்களோ நாற்பது டிராக்கிலும் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. அதற்கு முன்னால் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அவர் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் ஆர்.சி.ஏ. என்கிற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடினார். அந்த ஊர் வழக்கப்படி அவர் குரலைச் சுற்றி வயலின் கூட்டத்தையும் கோரஸையும் அடுக்கினார்கள். பெரிதாக விற்கவில்லை. பிறகு கொலம்பியா என்கிற இன்னொரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது, பதிவில் தன் முடிவே கடைசி முடிவு என்று எழுதி வாங்கிக்கொண்டார். இந்த ஆல்பத்தைக் கேட்ட அதிகாரிகள் இது வெறும் டெமோதானே, மாதிரிப் பதிவுதானே, மற்ற வாத்தியங்கள் எங்கே என்று நினைத்தார்கள். ஒப்பந்தம் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படியே வெளியிட்டார்கள். அதிலிருந்த ‘ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்’ கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடகராக அவருக்கு அதுதான் முதல் முதலிடம், வயது 42. ஒப்பந்தத்தில் ஒரு வரி அவ்வளவு வேலை செய்தது. நீங்கள் மைக்கைப் பற்றிக் கேட்கிறீர்கள்!

சரி, கோபம் போதும். உங்கள் கடிதம் வந்த அன்று நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கார்லண்டுக்குப் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் இருந்தோம். மனைவிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. நான்கு வயது மகளைத் தூங்கவைப்பது என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த தாலாட்டு இரண்டும் பாதியில் மறந்துபோகும். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒரு டெக்சாஸ் கிழவர். அவர் பதிந்து கொடுத்த கேசட்டில் ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’, அதாவது செந்தலை அந்நியன் என்கிற அந்த ஒரு பாட்டு மட்டும் இருந்தது. மெதுவான பாட்டு. குழந்தைக்கு ஏற்றது என்று நினைத்துப் பாடிக்கொண்டே தமிழில் கதையையும் சொல்வேன். செந்தலைக்காரன் ஒருவன் கறுப்புக் குதிரையில் வருகிறான். இன்னொரு குதிரையைக் கூடவே கூட்டி வருகிறான். ஒரு பெண் அந்தக் குதிரையைப் பிடிக்கப் பார்க்கிறாள். சுட்டுவிடுகிறான். அவளைப் புதைக்கிறார்கள், அவனை விட்டுவிடுகிறார்கள். இதைப் போய்த் தாலாட்டாகப் பாடினீர்களா என்று கேட்காதீர்கள். வில்லியும் அதைத்தான் செய்தார். ஐம்பதுகளில் ஃபோர்ட் வொர்த் வானொலியில் வேலை பார்த்தபோது, மதியம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் இந்தப் பாட்டைப் போடுவாராம். வீட்டில் தன் பிள்ளைகளுக்கும் பாடியிருக்கிறார். எழுதியவர்கள் ஈடித் லின்டெமன், கார்ல் ஸ்டட்ஸ் என்று இரண்டு பேர்.

என் மகள் கொலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. ‘அந்தக் குதிரை யாரோடது?’ என்றாள். செத்துப்போன அவன் மனைவியுடையது என்றேன், பாட்டில் அப்படித்தான் வருகிறது. ‘அவங்க எப்படிச் செத்தாங்க?’ காய்ச்சல் என்றேன். ‘டாக்டர்கிட்ட போகலையா?’ பேசாமல் தூங்கு என்று அதட்டினேன்.

சில வாரம் கழித்து நூலகத்தில் முழு ஆல்பத்தின் சிடி கிடைத்தது. வேலைக்குப் போகும் வழியில் காரில் போட்டேன். மனைவியைக் கொன்றதே அவன்தான்! அவன் ஒரு பாதிரியார், அவள் பழைய காதலனோடு போய்விடுகிறாள், தேடிப்போய் இரண்டு பேரையும் சுடுகிறான். குதிரையைத் தொட்டவளைச் சுடுவதெல்லாம் அதற்குப் பிற்பாடு. என் மகள் கேட்ட கேள்விக்கு அந்த மனிதர் ஓர் ஆல்பத்தையே பதிலாகச் செய்து வைத்திருந்தார். அன்றைக்கு அலுவலக வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வில்லி கொலராடோவிலிருந்து டெக்சாஸுக்குக் காரில் திரும்பும் வழியில், பிள்ளைகளுக்குப் பாடும் அந்தப் பாட்டை வைத்து ஏதாவது செய்யலாமே என்று அவருடைய அப்போதைய மனைவி கானி சொன்னதில்தான் இந்த ஆல்பம் தொடங்கியது. பாட்டுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று வழியெல்லாம் யோசித்திருக்கிறார். ஸ்டூடியோவுக்குப் போகும் முன்பே வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது.

இதில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி நண்பர்களை அலுக்கவைத்திருக்கிறேன், உங்களையும் விடப்போவதில்லை. ‘ப்ளூ ஐஸ்’ வில்லி எழுதியதல்ல. ஃப்ரெட் ரோஸ் எழுதியது, ராய் ஏகஃப் என்கிற பழைய கன்ட்ரி பாடகர் நாற்பதுகளிலேயே பதிவு செய்தார். மழையில் பிரிந்த காதலியை நினைத்து ஒரு முதியவர் உருகும் பாட்டு, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பாடலாம். வில்லி அதை எங்கே வைத்தார் தெரியுமா? அந்த இரட்டைக் கொலை முடிந்த கையோடு. இப்போது அதைப் பாடுவது யார்? கொன்றவன். எந்தக் கண்களை நினைத்து அழுகிறானோ அவற்றை மூடியது அவன் கைதான். வயலின் இல்லை, அழுகைச் சத்தம் இல்லை. பாட்டை அந்த இடத்தில் நகர்த்தி வைத்தது மட்டும்தான். வயலின் வைத்திருந்தால் கேட்கிறவனுக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்கும். இப்போது இரக்கப்படலாமா கூடாதா என்றே தெரியாமல் முழிக்கிறோம்.

உங்கள் பாட்டுகளைக் கேட்டேன். குரல் நல்ல குரல், அதை ஏன் ரீங்காரத்துக்குள் புதைக்கிறீர்கள்? முதல் பாட்டில் ஒருவன் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். மூன்றாவதில் அப்பா படத்துக்கு மாலை போட வருகிறான். நடுவில் என்ன ஆனது? அப்பா எத்தனை முறை போன் செய்தார், எத்தனை முறை எடுக்கவில்லை? அதை எழுதுங்கள். இரண்டாவதாக இருக்கும் அந்தக் காதல் பாட்டு எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை.

அப்புறம், முதல் பாட்டில் அந்த ரயில் சத்தத்தை எடுத்துவிடுங்கள். கேட்கச் சகிக்கவில்லை.