பழைய தறிக்கூடத்து இடத்தில் வீடு கட்டலாமா?

கேள்வி: பள்ளிப்பட்டில் எங்கள் நெசவாளர் சங்கத்துக்கு 62 சென்ட் இடம் இருக்கிறது. பெரியவர்கள் காலத்துத் தறிக்கூடமும் பக்கத்தில் ஒரு சிறு மண்டபமும் இருபது வருடமாகப் பாழடைந்து கிடக்கின்றன. சங்கத்தில் 36 குடும்பங்கள் வெளியே வாடகை வீடுகளில் குடியிருக்கின்றன; மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றரை சென்ட் பிரித்துக் கொடுத்துவிட்டால் அரசு மானியத்தில் அவரவர் வீடு கட்டிக்கொள்வார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: பிரித்துக் கொடுக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: இடம் யார் பேரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஊரே 'சங்கத்து இடம்' என்று சொல்லும். காகிதம் வேறு மாதிரி சொல்லலாம். உங்கள் பகுதி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அதற்கும் முன்னால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெரும்பகுதி கார்வேட்நகர் ஜமீன். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலத்தை அளந்து உரிமையும் வரியும் பதிவு செய்த நிலவரித் திட்டம் நடந்தபோது யார் பேரை எழுதினார்கள் என்பதில்தான் பல ஊர்களில் சிக்கலே தொடங்குகிறது. இணையத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டு 'வில்லங்கம் இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அதைவிடப் பழைய கதை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, கையால் எழுதிய பழைய பதிவேடுகளில் தேடச் சொல்லுங்கள். கூடவே வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேட்டு (சர்வே எண் வாரியாக நிலம் யார் பேரில் என்று எழுதிய கிராமப் பதிவேடு) நகலும் புல வரைபடமும் வாங்குங்கள்.

எல்லையோரத்து ஊர் ஒன்றில் இப்படித் தேடியபோது தெலுங்கில் எழுதிய தானப் பத்திரம் ஒன்று கிடைத்தது. ஓய்வுபெற்ற தெலுங்கு வாத்தியார் ஒருவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்துச் சொன்னார். 'கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே புளியமரம்' என்று எல்லை எழுதியிருந்தது. வண்டிப்பாதை தார்ச்சாலை ஆகிவிட்டது. புளியமரம் இருந்த இடம் யாருக்கும் தெரியவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், இடத்தை வாங்கிக்கொண்டவர்கள் என்று சங்கத்தின் பெயர் இல்லை, ஐந்து பெரியவர்களின் பெயர்கள் இருந்தன. வரைபடம் போட ஆள் வந்த அன்றே அவர்களுடைய பேரன்கள் பங்கு கேட்டு வந்து நின்றார்கள். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

இடம் பதிவு பெற்ற சங்கத்தின் பேரில் இருந்தால் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். வருடாவருடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள், விட்டுப்போயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கூட்டுறவுச் சங்கம் என்றால் கைத்தறித் துறையின் அனுமதி வேண்டும். பொது அறக்கட்டளை என்றால் நீதிமன்றம் வரை போக நேரலாம். கோயில் இடம் என்று வந்துவிட்டால் அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் விற்கவும் முடியாது, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் முடியாது.

சரி, இடம் சங்கத்துடையதுதான் என்று வைத்துக்கொள்வோம். ஏன் பிரிக்க வேண்டாம்? 36 பேருக்கு ஒன்றரை சென்ட் என்றால் 54 சென்ட் போய்விடும். மீதி எட்டு சென்ட்டில் பாதையும் சாக்கடையும் வர வேண்டும். பாவு நூல் ஏற்றிய ஆட்டோ திரும்பக்கூட இடம் இருக்காது. இன்னொன்று, சங்கத்தின் சொத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. முக்கியமான காரணம் வேறு. மகள் கல்யாணம் வரும், ஆஸ்பத்திரிச் செலவு வரும், தறி ஓடாத மாதங்கள் வரும். கையில் இருக்கும் ஒன்றரை சென்ட்தான் முதலில் விலை போகும். வாங்குகிறவர் நெசவாளராக இருக்க மாட்டார். மூன்று தலைமுறை காப்பாற்றிய இடம் பத்து வருடத்தில் கைமாறிப்போவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் நிலம் சங்கத்திடமே இருக்கட்டும். வீட்டை மட்டும் 30 வருடக் குத்தகைக்குப் பதிவு செய்து கொடுங்கள். பிள்ளைகளுக்குப் போகலாம், வெளியாருக்கு விற்க முடியாது, காலி செய்தால் கட்டிய பணம் கணக்குப் போட்டுத் திரும்பக் கிடைக்கும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லை, வீட்டை விற்றே கொடுக்கிறோம் என்றால், எட்டு வீட்டுக்கு மேல் போவதால் ரெரா எனப்படும் வீட்டு விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும் சேர்ந்துகொள்ளும்.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில், 2024-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், மத்திய அரசு வீட்டுக்கு 1.50 லட்சமும் மாநில அரசு குறைந்தது 1 லட்சமும் தருகின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் எங்கேயும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. ஆனால் 'சொந்த இடத்தில் வீடு' என்ற பிரிவில் நிலம் பயனாளியின் பேரில் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் 'பிரித்துக் கொடு' என்ற பேச்சு எழுந்ததே இதனால்தான் என்று நினைக்கிறேன். பொது நிலத்தில் கட்ட வேண்டுமானால் அதே திட்டத்தின் கூட்டு முயற்சிப் பிரிவு இருக்கிறது. அதில் தனி ஆளாகக் கட்டிக்கொள்ள முடியாது, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் மாதிரி ஓர் அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். பேரூராட்சி செயல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் தரும் பதிலும் எழுத்தில் இருக்கட்டும்.

இப்போது கணக்கு. 62 சென்ட் என்பது ஏறக்குறைய 27,000 சதுர அடி. சுவர், படிக்கட்டு எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 450 சதுர அடி, தரைக்கு மேல் ஒரே ஒரு மாடி என்றால் 36 வீடுகளுக்கும் தரையில் 8,100 சதுர அடி போதும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லிஃப்ட் வேண்டாம், உயரக் கட்டடத்தின் தொல்லைகளும் வேண்டாம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு வீடு 9 லட்சம். மானியம் கிடைத்தாலும் 6.5 லட்சம் மீதி. அதை 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 5,850 ரூபாய். நீங்கள் சொன்ன வாடகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைப் பொதுக்குழுவில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் எல்லாரையும் இழுத்துப் போட்டால் முதல் வருடத்திலேயே தவணை நின்றுவிடும்.

தவணை கட்ட முடிந்தவர்களுக்கு 12 வீடுகள் முதலில் கட்டுங்கள். மண்டபத்தை இடிக்காதீர்கள். பழுது பார்த்து விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுங்கள், சாலையோரம் நாலு கடை போடுங்கள். அந்த வருமானத்தில் அடுத்த வீடுகளைச் சங்கமே கட்டி, ரொம்பவும் முடியாதவர்களுக்கு இப்போதைய வாடகைக்கே கொடுக்கலாம். கொத்தனார் பழகியவராக இருந்தால் கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில், செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டு, சுவர் எழுப்புங்கள். நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும், வெயிலும் உள்ளே அவ்வளவாக இறங்காது.

தறியை மறந்துவிட்டு வரைபடம் போடாதீர்கள். விசைத்தறி மாடியில் ஓடினால் கீழ்வீட்டுத் தொட்டிலும் சேர்ந்து ஆடும். கால் வைக்கக் குழி தோண்டி அமைக்கும் குழித்தறிக்குத் தரை வேண்டும். அதனால் 4,000 சதுர அடியில் தறிக்கூடம் தனியாக, ஒரே தளமாக, வீடுகளிலிருந்து தள்ளி இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் கைத்தறிக்கு 300 யூனிட்டும் மின்சாரம் இலவசம் இல்லையா, ஒரே கூடத்தில் ஆளுக்கொரு இணைப்புத் தருவார்களா என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு கேட்டால் காரியம் கெட்டுவிடும்.

பழைய தறிக்கூடத்தை இடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் சம்மட்டியால் உடைக்க விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம், பஞ்சுத் தூசில் வேலை செய்தவர்களுக்கு இன்னும் மோசம். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். பழைய உத்தரம், கதவு நிலை, நல்ல செங்கல் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஒப்பந்தக்காரர் 'சும்மாவே அள்ளிக்கொண்டு போகிறேன்' என்றால் சம்மதிக்காமல் ஏலம் விடுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். 2021 நவம்பரில் ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தபோது கொசஸ்தலை ஆறு உங்கள் பக்கத்துத் தரைப்பாலங்களை மூழ்கடித்தது. அந்த வாரம் உங்கள் 62 சென்ட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் கேட்டு, தறிக்கூடத்துச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பொறியாளர் முதல் நாள் வரும்போது அந்தக் கோட்டைக் காட்டுங்கள். வீட்டுத் தரைமட்டம் அதற்கு இரண்டு அடியாவது மேலே வர வேண்டும்.