அடுப்படிக் கேள்விகள்: பிள்ளை கையில் கரண்டி

மதுரைப் பக்கம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுப்பது பற்றி.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. "நானும் சமைக்கிறேன்" என்று காலைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். அடுப்பை நினைத்தால் எனக்குப் பயம். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
வாசகி, கோவை

இன்றைக்கே ஆரம்பியுங்கள் அம்மா, அடுப்பு இல்லாமல். சமையலில் பாதிக்கு மேல் வேலை, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. அரிசி களையலாம், புளி கரைக்கலாம், பூண்டு உரிக்கலாம். கீரை ஆயச் சொல்லுங்கள். தண்டை நகத்தால் ஒடித்துப் பார்த்தால் பட்டென்று ஒடிவது இளசு, நார் நாராக இழுப்பது முற்றல். இதை ஒருமுறை விரல் தெரிந்துகொண்டால் போதும், அப்புறம் காய் வாங்கவும் அவளை அனுப்பலாம்.

முட்டை உரிப்பதும் நல்ல வேலை. அவித்த முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு நன்றாக ஆறவிடுங்கள். அகலமான முனையில் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். அங்கேதான் ஓட்டுக்கும் முட்டைக்கும் நடுவில் காற்று நிற்கும். அந்த இடத்தில் விரலை நுழைத்து, உள்தோலோடு சேர்த்து உரித்தால் வெள்ளை பிய்யாமல் முழுசாக வரும்.

ஆனால் ஒன்று. "எனக்கு உதவி செய்" என்று தினமும் வெங்காயம் உரிக்க மட்டும் உட்காரவைத்தால் இரண்டு நாளில் எழுந்து ஓடிவிடுவாள். ஒரு பண்டத்தை முழுசாக அவளிடம் விடுங்கள். வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி என்று வையுங்கள். வெள்ளரிக்காயை நீளவாக்கில் நீங்கள் பிளந்து கொடுங்கள். தட்டைப் பக்கம் பலகையில் படிந்திருந்தால் உருளாது. சின்னக் கத்தி போதும், ஆனால் கூராக இருக்கட்டும். மழுங்கின கத்தியை அழுத்தி வெட்டும்போதுதான் வழுக்கும். காயைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். அரிவாள்மனை இப்போது வேண்டாம். உப்பு போதுமா என்று அவளே ருசி பார்த்துச் சொல்லட்டும். நீங்கள் நடுவில் கை வைக்காதீர்கள். அன்றைக்குப் பச்சடி கொஞ்சம் சப்பென்று இருந்தால்தான் என்ன?

பத்து வயதை ஒட்டி, நீங்கள் பக்கத்தில் நிற்க, அடுப்புக்கு வரலாம். அதற்கு முன் கேஸ் பாடம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அந்த நாற்றம் நம்மை எச்சரிப்பதற்கென்றே சேர்க்கப்பட்டது. நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் 1906க்குப் போன் செய்ய வேண்டும். பெரியவர்கள் வீட்டில் இல்லை என்றால் பிள்ளை நேரே வெளியே வந்து பக்கத்து வீட்டில் சொன்னால் போதும். இதை அவள் வாயால் திருப்பிச் சொல்லும்வரை அடுப்பைத் தொடவிடாதீர்கள்.

கேள்வி: பேத்தி ரசம் வைக்கக் கற்றுக்கொடு என்கிறாள். எல்லாவற்றுக்கும் "எவ்வளவு பாட்டி?" என்று கேட்கிறாள். கைக்கு வந்ததைப் போடுகிறவள் நான், என்னத்தைச் சொல்ல?
வாசகி, கும்பகோணம்

அக்கா, பேத்தி கேட்பது நியாயமான கேள்வி. உங்கள் கையில் பல வருஷத்து அளவு உட்கார்ந்திருக்கிறது, அவள் கையில் ஒன்றும் இல்லை. "கண்ணளவு" என்று சொன்னால் எந்தக் கண்ணை வைத்து அளப்பாள்?

எனக்குத் தராசின் மேல் மரியாதை உண்டு. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி என்று எடைபோட்டுத்தான் உலையில் போடுவோம். எங்கள் சமையலம்மாவுக்குக் கைப்பக்குவம் இல்லாமல் இல்லை. அளவும் இருந்தது, பக்குவமும் இருந்தது, ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு நாள் நீங்கள் வழக்கம்போல ரசம் வையுங்கள், பேத்தி நோட்டும் சின்ன டிஜிட்டல் தராசுமாக நிற்கட்டும். நீங்கள் எடுக்கும் ஒவ்வொன்றும் சட்டிக்குப் போகும் முன் அவள் தட்டில் விழ வேண்டும். புளி எலுமிச்சங்காய் அளவு என்பீர்கள், அவள் கடையில் பார்த்ததோ பெரிய எலுமிச்சை. எடை போட்டால் அந்தச் சண்டையே இல்லை. நாலு பேர் ரசத்துக்கு 15, 20 கிராம் வரும் என்பது என் கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம், அவள் உங்களுடையதையே எழுதட்டும்.

உப்பில் மட்டும் கவனம். கல்லுப்பா பொடி உப்பா என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இடைவெளி இருப்பதால் அதே ஒரு டீஸ்பூனில் கல்லுப்பு எடை குறைவாகத்தான் நிற்கும். நோட்டில் "ஒரு ஸ்பூன்" என்று மட்டும் இருந்து, பிற்பாடு ஹாஸ்டலில் பொடி உப்பைப் போட்டாள் என்றால் ரசம் கரித்துவிடும். அரிசியும் அப்படித்தான். புது அரிசிக்குத் தண்ணீர் குறைவு, பழைய அரிசி கூட இழுக்கும். படிக்கு எட்டு ஆழாக்கு என்றாலும், அந்தக் காலத்தில் படியே ஊருக்கு ஊர் மாறியது. அதனால் உங்கள் வீட்டு ஆழாக்கு எத்தனை மில்லி பிடிக்கிறது என்று தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள்.

தராசு சொல்லாததை நீங்கள் சொல்ல வேண்டும். மிளகு, சீரகம், பூண்டு தட்டும்போது எப்போது நிறுத்துவது? மிளகு இரண்டு மூன்றாக உடைந்து, பூண்டு நசுங்கி ஒட்டும்போது. மாவாகிவிட்டால் ரசம் குழம்பு மாதிரி கலங்கிவிடும். அப்புறம் முக்கியமான இடம், நுரை. கரைத்ததெல்லாம் சேர்த்து மிதமான தீயில் வைத்தால் முதலில் சட்டியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டும். அது மெல்ல நடுவுக்கு நகர்ந்து, மேல் முழுக்க மூடி, சட்டென்று எழும்பும். எழும்பும்போதே அணைத்துவிட வேண்டும், தளதளவென்று கொதித்தால் வாசனை போய்விடும். அந்த இரண்டு நிமிஷமும் பேத்தியைச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவிடாதீர்கள், போனும் கையில் இருக்கக் கூடாது. அடுத்த வாரம் அவள் வைக்கட்டும், நீங்கள் முக்காலியில் உட்கார்ந்திருங்கள்.

கேள்வி: என் 13 வயது மகனுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க நினைக்கிறோம். "ஆம்பளப் பிள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை?" என்கிறார் என் அம்மா. எப்படிச் சமாளிப்பது?
வாசகர், திருச்சி

தம்பி, நீங்கள் சமைப்பீர்களா? கடிதத்தில் அது இல்லையே. அப்பா சோபாவில் இருந்துகொண்டு மகனை மட்டும் அடுப்படிக்கு அனுப்பினால் பாட்டி சொல்வதுதான் அவன் காதில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அவனும் சேர்ந்து நில்லுங்கள். கல்யாண வீடுகளில் அண்டா அண்டாவாகச் சாம்பார் காய்ச்சுகிறவர்களில் பெரும்பாலும் ஆண்கள்தானே? அம்மாவோடு வாதாடாதீர்கள். பையனை விட்டு, "அப்பத்தா, நீ வைக்கிற அந்தக் குழம்ப எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்கச் சொல்லுங்கள். பேரன் கேட்டு மறுக்கிற பாட்டியை நான் பார்த்ததில்லை.

13 வயதுக்குக் குக்கர் பழகலாம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவே கூடாது. பருப்பு என்றால் பாதிதான். பருப்பு நுரைத்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் கிட்டத்தட்ட 120 டிகிரி சூட்டில் இருக்கும், அதனால் ஆவி தானாக அடங்கி, வெயிட்டைத் தூக்கினால் சத்தமே வராதபோதுதான் மூடியில் கை வைக்க வேண்டும். பசிக்கிறது என்று கரண்டியால் நெம்புவது கூடவே கூடாது.

கேள்வி: பிள்ளை சமைத்தால் மேடை முழுக்க மாவும் எண்ணெயும். சுத்தம் செய்வதற்குள் எனக்கு உயிர் போகிறது.
வாசகி, சேலம்

நீங்கள் ஏன் சுத்தம் செய்கிறீர்கள்? மேடையைத் துடைத்துத் துணியை அலசிக் காயப்போட்டால்தான் சமையல் முடிந்தது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பாட்டி, நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எல்லாம் செய்வேன். தாளிக்கும்போது கடுகு தெறித்தால் மட்டும் பயமாக இருக்கிறது.
வாசகன், விருதுநகர்

பயப்படுவதில் தப்பே இல்லை கண்ணு. பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கும்போதுதான் தாளிக்க வேண்டும், சரியா? கரண்டி, கடாய் எதுவானாலும் துளி ஈரம் இல்லாமல் துடைத்துவிடு. கறிவேப்பிலையை முன்னாலேயே கழுவித் துணியில் ஒற்றி வை, படபடவென்று வெடிப்பது அதில் இருக்கும் தண்ணீர்தான். எண்ணெய் புகையும்வரை காத்திருக்காதே. சிறு தீயில் ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார், அது பொரிந்தால் மிச்சத்தைப் போட்டு, தட்டு ஒன்றைக் கேடயமாகச் சாய்த்துப் பிடி. சத்தம் அடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு, கறிவேப்பிலையை ஓரமாக வழுக்கிவிடு. அந்தச் சூட்டிலேயே பொரியும்.

அப்படியும் சுட்டுவிட்டால் உடனே அம்மாவைக் கூப்பிடு, குழாயைத் திறந்து இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்டு. பற்பசை, இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தாலோ முகத்தில் பட்டாலோ டாக்டரிடம் போக வேண்டும். நீ என்ன தாளித்தாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.